செவிலிய ஆய்வில் முன்னோட்ட ஆய்வு

முன்னோட்ட ஆய்வு என்பது ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கும் முன், அதன் கருவிகளும் நடைமுறைகளும் செயல்படுமா எனச் சிறிய அளவில் செய்து பார்ப்பதாகும். செவிலிய ஆய்வில் தகவல் தருபவர் பெரும்பாலும் நோயாளி; திரட்டுபவர் பணிச்சுமை மிக்க செவிலியர். எனவே திட்டம் பிழையானால் பணத்துடன் நோயாளிகளின் நேரமும் பொறுமையும் வீணாகின்றன.

நைட்டிங்கேலின் படிவங்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் நோய்களை வெவ்வேறு முறையில் பதிவுசெய்தன. எங்கு இறப்பு மிகுதி என்று ஒப்பிட இயலவில்லை. கிரிமியப் போரிலிருந்து திரும்பியிருந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரின் துணையுடன் பொதுவான பதிவுப் படிவங்களை உருவாக்கினார். 1859இல் இலண்டனின் சில மருத்துவமனைகளில் அவற்றைப் பயன்படுத்திப் பார்க்கச் செய்தார். 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு அவரது திட்டத்தை ஆதரித்தது. அன்று இதற்கு முன்னோட்ட ஆய்வு என்ற பெயர் இல்லை, நோக்கம் அதுவே.

ஆயினும் அப்படிவங்கள் பரவலாக நிலைபெறவில்லை. அவை மிக விரிவானவை. நிரப்புவதற்கு உழைப்பும் செலவும் தேவைப்பட்டன. ஒரு கருவி சரியானதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அன்றாடம் அதைக் கையாளப் போகிறவர்களால் இயலுமா என்றும் பார்க்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

தவறான பயன்பாடும் திருத்தமும்

1952இல் அமெரிக்காவில் 'நர்சிங் ரிசர்ச்' இதழ் தொடங்கியது. செவிலிய ஆய்வுகள் பெருகியபோது, முன்னோட்ட ஆய்வைச் சிறிய முதன்மை ஆய்வாகக் கருதும் பழக்கமும் வளர்ந்தது. குழுவுக்குப் பத்துப் பேரை மட்டும் வைத்து ஒரு பராமரிப்பு முறை வலியைக் குறைக்கிறதா என்று பார்த்தால், கிடைக்கும் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். அதை நம்பினால் பயனற்ற முறை பரவும்; நல்ல முறை கைவிடப்படும். முன்னோட்ட ஆய்வின் விளைவளவைக் கொண்டு முதன்மை ஆய்வுக்கான எண்ணிக்கையைக் கணக்கிடுவதும் ஆபத்தானது என 2006இல் எலனா கிரேமரும் உடன் ஆய்வாளர்களும் எச்சரித்தனர். சமவாய்ப்பு முறையிலான முன்னோட்ட ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான கான்சார்ட் வழிகாட்டி 2016இல் வெளியானது. விளைவை நிறுவுவதை விட, ஆய்வு நடத்தத்தக்கதா என்பதற்கே அது முதலிடம் தருகிறது.

பயன்

எத்தனை பேர் சேர இசைந்தனர், எத்தனை பேர் இடையில் விலகினர், வினாக்கள் புரிந்தனவா, பணிநேரத்தில் பதிவுசெய்ய முடிந்ததா என்பனவே முன்னோட்ட ஆய்வு விடை தேடும் வினாக்கள். ஒரே நோயாளியின் படுக்கைப்புண் இடருக்கு இரு செவிலியர் வெவ்வேறு மதிப்பெண் அளித்தால், அளவுகோலின் விளக்கத்தைத் திருத்த வேண்டும். திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று தெரியவந்தாலும் முன்னோட்ட ஆய்வு தோற்றதாகாது. பல நூறு நோயாளிகளுக்கு வீண் சிரமம் நேராமல் அது தடுத்திருக்கும்.