கொஸ்லந்தவின் மழைக்காலம்

டிசெம்பர் விடுமுறை நெருங்கினால் போதும், வெளியூர் நண்பர்கள் நம் பக்கத்து ஆட்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "தியலும இப்ப நல்லாப் பாயுதா?" என்பதுதான். பாயும். 220 மீற்றர் உயரம், நாட்டில் பம்பரகந்தைக்கு அடுத்த நீர்வீழ்ச்சி. அதன் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசெம்பர் வரைதான் வர வேண்டும். ஆனால் அதே வாரங்களில்தான் மேலே தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் மழைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட முடியாது என்பதால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும்.

மலைநாட்டு மழை என்றால் பலருக்கு நினைவில் வருவது நுவரெலியாவும் ஹட்டனும்தான். அங்கே மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டும். நமக்கு அப்படி இல்லை. அந்த மழை மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். ஊவாவுக்கு வந்து சேருவது காய்ந்த கச்சான் காற்று. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் வருகிறது. நமக்கு மழை பிறகுதான், ஒக்டோபரில் பின்னேர இடியோடு தொடங்கி, வடகீழ்ப் பருவமழையில் போய்ச் சேரும்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிர் பிடித்தது. ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கு வந்தது, அடுத்த வருடம் பண்டாரவளைக்கு. 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கிய லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம் இன்று டிக்கட் எடுத்துப் பார்க்கும் இடமாகிவிட்டது. தம்பேதென்னைக்கு மேலே, பூனாகலை மலையில் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தவர் பெயர் நிலைத்துவிட்டது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்கள், 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு அதே சரிவில் தேயிலை நட்டவர்கள், அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. நம் கடைத்தெருவில் பழைய கடன் கொப்பிகளைப் புரட்டினால் ஒருவேளை கிடைக்கலாம்.

லயம் எங்கே கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் லயத்தில் இருக்கவில்லை. தேயிலை நல்லாய் வரும் நிலத்தை யாரும் வீட்டுக்கு விடமாட்டார்கள். மிஞ்சிய இடத்தில், ஓடை ஓரத்தில், சரிவின் அடியில் வரிசை வரிசையாகக் கட்டினார்கள். முன்பு எப்போதோ சரிந்து வந்து தங்கிய மண் அடியில் இருந்தால், அது மழைநீரை உறிஞ்சிப் பாரமாகி மறுபடியும் நகரும். தண்ணீரை வெளியே கொண்டுபோகும் கான்கள் தூர்ந்தால் இன்னும் வேகமாக.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்கள் போயின, கோயில் போனது. பாடசாலைக்கு வெளிக்கிட்டிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் எது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் என்றார்கள், கடைசியில் கணக்கு 37 என்று வந்தது. பலருடைய ஜனாஸாவைக் கூட எடுக்க முடியவில்லை, மண்ணே மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் வேனில் போகிறவர்கள் அந்த இடத்தைக் காட்டிச் சொல்வார்கள்: "2005லயும் 2011லயும் எழும்பச் சொன்னாங்களே, கேக்கலியே." எச்சரித்தது உண்மை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்து என்று சொல்லியிருந்தது. ஆனால் எழும்பி எங்கே போவது? 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டன. முழுதாய்த் தீர்வு வர 2003 ஆனது. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. இத்தனை கை மாறியும் லயத்துக் காம்பரா அதில் பிறந்து வளர்ந்தவர் பெயருக்கு எழுதப்படவில்லை. ஒரு பேர்ச் காணி சொந்தமில்லாதவரிடம் "வேறு இடம் போ" என்றால், அதை எச்சரிக்கை என்று சொல்லலாம். வழி என்று சொல்ல முடியாது. "கேக்கலியே" என்கிறவர்கள் ஹப்புத்தளையில் தம் பெயருக்கு உறுதி வைத்திருப்பவர்கள். நம்மவர்களும் அதில் உண்டு.

தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் இருந்தார்கள், பிறகு மக்கள்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள். 75 வீடுகள் கட்டிக் கையளித்தது 2016இல். வீடு கிடைக்கத் தேவைப்பட்டது இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் அல்ல, மலையே இறங்க வேண்டியிருந்தது.

சரி, போகலாமா என்று கேட்டவர்களுக்கு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் எழும்பத் தயார், 150 என்றால் உடனே வெளியேற வேண்டும் என்பதுதான் இங்கே அளவுகோல். பெரகலையிலிருந்து வெல்லவாய போகும் நம் வீதியும் அதே மண்ணில்தான் வெட்டியிருக்கிறது. கொஸ்லந்தவில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்யும். தியலுமவின் உச்சிக் குளங்களில் குளிக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஏறுவது தெரியாது. கலங்கிய நிறத்தில் வந்தால் ஏறி வந்துவிடுங்கள். பிள்ளைகளோடு வருவதென்றால் பெப்ரவரியில் வாருங்கள், நீர் மெலிந்திருந்தாலும் பரவாயில்லை.

மார்ச்சையும் நம்ப முடியாது என்பது வேறு கதை. 2023 மார்ச் 19, ஞாயிறு இரவு, பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் இறங்கி லயங்கள் உடைந்தன. காயப்பட்டவர்கள் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ் உயிர் ஒன்றும் போகவில்லை. மீரியபெத்தை நடந்து எட்டு வருடம் கழிந்திருந்தது. அந்த லயங்களிலும் ஆட்கள் இருந்தார்கள்.