பெரிய பங்கு

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லாட்டரியின் முதல் பரிசை பிரெஞ்சில் ‘குரோ லோ’ என்பார்கள். ‘லோ’ என்றால் பங்கு. பரிசுக்கு ஏன் பங்கு என்று பெயர் வைத்தார்கள் என்பது, அமெரிக்காவின் ஜாக் விட்டேக்கர் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

2002 கிறிஸ்துமஸ் அன்று நடந்த குலுக்கலில், மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த அவருக்கு 31 கோடியே 49 லட்சம் டாலர் விழுந்தது. ஒரே சீட்டுக்கு விழுந்த பரிசுகளில் அதுவரை அதுதான் பெரியது. தவணையில் வாங்காமல் மொத்தமாக வாங்கினார். வரி போகக் கைக்கு வந்தது சுமார் 11 கோடியே 30 லட்சம் டாலர்.

அற்பனுக்கு வாழ்வு வந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஏற்கெனவே குழாய் பதிக்கும் கான்ட்ராக்டராக நிறையச் சம்பாதித்தவர். வயது 55. கஞ்சரும் அல்ல. பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுகளுக்கு ஒதுக்கினார். ஏழைகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார். சீட்டு விற்ற கடையில் வேலை செய்த பெண்ணுக்கு வீடே வாங்கிக் கொடுத்தார்.

பின் எங்கே தவறிற்று? அவர் பெயரும் முகமும் நாடெங்கும் தெரிந்துவிட்டன. உதவி கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. வீட்டு வாசலுக்கே ஆட்கள் வந்தார்கள். வழக்குகள் பாய்ந்தன. அவர் தவறும் உண்டு. குடித்தார், காரில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு சுற்றினார். 2003 ஆகஸ்டில் காரிலிருந்து 5,45,000 டாலர் திருடு போயிற்று. செல்லப் பேத்தியைச் சுற்றிப் பணத்துக்காகவே நண்பர்கள் சேர்ந்தார்கள். போதைப் பழக்கத்தில் சிக்கிய அந்தப் பெண், 2004 டிசம்பரில், 17 வயதில் இறந்து கிடந்தாள். சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம் என்று அவர் மனைவி பத்திரிகைக்காரரிடம் சொன்னார். பிறகு அந்தத் தாம்பத்தியமும் முறிந்தது. 2009-இல் மகளும் போனார். 2020-இல் விட்டேக்கரும் காலமானார்.

இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரிசு பெற்றவர் தம் பெயரை மறைத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது எனக்குத் தெரியும்.

1978-இல் எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு லாட்டரியில் 10,000 ரூபாய் விழுந்தது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் டிபன் வாங்கிக் கொடுத்தார். அன்று மாலையே கைமாற்றுக் கேட்க ஆரம்பித்தார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றார் ஒருவர், தாயாருக்கு வைத்தியம் என்றார் இன்னொருவர். ஓட்டு வீட்டைப் பழுது பார்க்க 500 ரூபாய் கேட்டவன் நான். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஆறு மாதத்தில் காரைக்காலுக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ‘அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது சார்’ என்றார் போகும்போது.

அந்த 500 ரூபாயை நான் திருப்பித் தரவே இல்லை. பரிசுப் பணம்தானே என்று அப்போது நினைத்தேன்.