பள்ளியில் தடுமாறும் குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி: பெற்றோர் அறிய வேண்டியவை

வாசிக்கத் திணறுதல், எழுத்துகளை மாற்றி எழுதுதல், பள்ளி என்றதும் வயிற்றுவலி எனக் கூறி அழுதல் ஆகியவற்றைச் சோம்பல் எனக் கருதாதீர்கள். குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முன் காரணத்தைக் கண்டறியுங்கள். அறியாவிடில், அதே இடர்ப்பாடு வீட்டிலும் தொடரும்.

முதலில் செய்ய வேண்டியவை

பார்வையையும் செவித்திறனையும் பரிசோதியுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை இலவச மதிப்பீடு பெறலாம். கற்றல் குறைபாட்டைப் பொதுவாக 8 வயதளவிலேயே உறுதிசெய்ய இயலும். எனினும் உதவியை அதற்கு முன்பே தொடங்கலாம்.

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. எனவே கூடுதல் தேர்வு நேரம் போன்ற சலுகைகளைப் பள்ளியிடம் கோரலாம். பல்வகை அல்லது கடுமையான குறைபாடுடைய குழந்தைகள் வீடுசார் கல்வியைத் தேர்ந்தெடுக்க, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையானது.

வீட்டில் கற்பிக்கும்போது

• ஒரு பாடத்தை 15 முதல் 20 நிமிடங்களுக்குள் முடியுங்கள்.
• எழுத்தை ஒலியுடன் இணைத்து, மணலிலோ மாவிலோ எழுதச் செய்யுங்கள்.
• பிற குழந்தைகளுடன் நாள்தோறும் விளையாட விடுங்கள்.
• உடன்பிறந்தோருடன் ஒப்பிடாதீர்கள்.
• மாதந்தோறும் முன்னேற்றத்தைக் குறித்து வையுங்கள். பள்ளிக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடாதீர்கள்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலை

குழந்தை உணவையும் உறக்கத்தையும் தவிர்த்தாலோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாகக் கூறினாலோ தாமதிக்காதீர்கள். டெலி மனஸ் கட்டணமில்லா எண் 14416இல் பெற்றோரும் தமக்கான மனநல ஆலோசனை பெறலாம்.