சேரியின் வரைபடம்

செஞ்சிப் பக்கம் எங்க தொண்டூர்லேயும் ஊர் தனி, சேரி தனி. எங்களைக் கேட்காமல் சாதி போட்ட வரைபடம் அது.

பிழைக்கப் பட்டணம் போன எங்க சனங்களுக்குக் கிடைத்ததும் கூவம், அடையாற்றுக் கரைதான். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. தொடக்கத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். 2000இல் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோர மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை நகரத்துக்குள்ளே, வீடு நகர விளிம்பில். வேலை போச்சு, பிள்ளைகள் படிப்பு பாதியிலே நின்னுச்சு. எங்கே வீடு வேணும்னு முன்கூட்டிக் கேட்டவர் யார்?

2021இல் வாரியம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. பெயரை மாத்தினா போதுமா?

கிராமசபை 1994 ஊராட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. நகரத்தில் பகுதி சபா கூடியதோ 2022 நவம்பர் 1இல்தான். குப்பை, தெருவிளக்கு பேசுவதோடு அதை முடித்துவிடக் கூடாது. குடியிருப்பை அகற்றும் எந்தத் திட்டமும் முதலில் அங்கே வரணும். 'போக மாட்டோம்' என்று நம் சனம் சொன்னால் அது தீர்மானமாக எழுதப்படணும், செல்லணும். அதுவரை நகரத்தின் ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு சேரி இருக்கும்.