குடம் தூக்குகிறவளின் சாட்சி

திருவண்ணாமலை கருங்கல் பூமி. போர் போட்டால் தண்ணீர் வருமா என்பதே எங்கள் வீட்டுப் பெண்களின் கவலை. வந்த தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கவலை, காவிரி பாயும் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்துப் பெண்களுடையது.

அங்கே ஓஎன்ஜிசியின் எண்ணெய்க் கிணறுகள் உள்ளன. 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. ஊர் திரண்டது, வைக்கோல் எரிந்தது, தடியடி நடந்தது, பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். வரலாறாக நிற்பது இந்த ஒரு நாள்தான்.

நிலத்தடி நீர் மஞ்சளாகிவிட்டது, எண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஊரார் சொன்னது அப்படி நிற்கவில்லை. நிறுவனம் அதை மறுத்தது. குடத்தின் அடியில் படிவதையும் உலையில் நிறம் மாறுவதையும் முதலில் பார்ப்பவள் பெண். அவள் சொல் புகார். ஆய்வுக்கூடத் தாள்தான் ஆதாரம். அந்தத் தாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பம்பில், எந்த மாதத்தில் மாதிரி எடுப்பது என்று அவளைக் கேளுங்கள் என்கிறேன்.

2020இல் தஞ்சை உள்ளிட்ட டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை அந்தச் சட்டம் தொடவில்லை.