கிளாஸ்கோ பாய்ஸ்

கிளாஸ்கோ பாய்ஸ் என்பது 1880 முதல் 1900 வரையிலான காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சார்ந்து இயங்கிய சுமார் இருபது ஓவியர்களைக் குறிக்கும் பெயராகும். இவர்கள் முறையான சங்கமாக இயங்கியவர்கள் அல்லர். நட்பும் பொதுவான ரசனையுமே இவர்களை இணைத்தன. டபிள்யூ. ஒய். மக்கிரெகர், ஜேம்ஸ் பேட்டர்சன், ஜேம்ஸ் கத்ரி, ஈ. ஏ. வால்டன், ஜோசப் க்ராஹால், ஜான் லேவரி, ஆர்தர் மெல்வில், ஜார்ஜ் ஹென்றி, ஈ. ஏ. ஹார்னல் ஆகியோர் இவர்களுள் முக்கியமானவர்கள்.

பின்னணி

கப்பல் கட்டுதலாலும் இயந்திரத் தொழிலாலும் செழித்த கிளாஸ்கோவில் பணம் இருந்தது. ஓவியம் வாங்கும் புதிய வணிகர்களும் இருந்தனர். ஆனால் கலை அதிகாரம் எடின்பரோவில் இருந்த ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் கையில் இருந்தது. மலைநாட்டுக் காட்சிகளையும் வரலாற்றுக் கதைகளையும் சொல்லும் ஓவியங்களுக்கே அக்காலத்தில் மதிப்பு. பழுப்பேறிய மெருகெண்ணெய் பூசிய அவ்வகை ஓவியங்களை இளைஞர்கள் "பசைச் சட்டிகள்" என்று கேலி செய்தனர். குளிர்காலத்தில் மக்கிரெகரின் ஓவியக்கூடத்தில் கூடிப் பயின்ற அவர்கள், கோடையில் கிராமங்களுக்குச் சென்று வெட்டவெளியில் வரைந்தனர்.

ஓவிய முறை

பிரெஞ்சு ஓவியர் பாஸ்தியன்-லெபாஜ் இவர்களுக்கு முதல் முன்மாதிரி. உழைக்கும் மக்களை அவர்கள் வாழும் இடத்திலேயே, மங்கலான சீரான ஒளியில், மிகையுணர்ச்சியின்றி வரைவது அவரது முறை. கத்ரி 1883-இல் காக்பர்ன்ஸ்பாத் கிராமத்தில் வரைந்த "பண்ணையாளின் மகள்" இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முட்டைக்கோசு அறுத்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, கையில் கத்தியுடன் நிமிர்ந்து நம்மை நேராகப் பார்க்கிறாள். அவள் இரக்கம் கேட்கவும் இல்லை, அழகு காட்டவும் இல்லை. சதுரத் தூரிகையின் அகன்ற தீற்றல்கள் நிலத்தையும் அவளையும் ஒரே நிறக் குடும்பத்தில் பிணைக்கின்றன.

பத்தாண்டின் இறுதியில் போக்கு மாறியது. விஸ்லரிடமிருந்தும் ஜப்பானிய அச்சோவியங்களிலிருந்தும் கற்ற ஹென்றியும் ஹார்னலும் அலங்காரத் தன்மைக்கு முதலிடம் தந்தனர். ஹென்றியின் "காலோவே நிலக்காட்சி" (1889) ஆழம் காட்டுவதைக் கைவிட்டு, குன்றையும் ஓடையையும் தட்டையான வடிவங்களாக்கியது. இருவரும் சேர்ந்து 1890-இல் வரைந்த "துருயிதுகள்" ஓவியத்தில் பொன்பூச்சும் இடம்பெற்றது. 1893-இல் இருவரும் ஜப்பான் சென்று ஒன்றரை ஆண்டு தங்கினர். கலை வணிகர் அலெக்சாண்டர் ரீடும் சேகரிப்பாளர் வில்லியம் பரெலும் அப்பயணத்துக்குப் பொருளுதவி செய்தனர்.

வரவேற்பு

1890-இல் லண்டன் க்ரோவனர் காட்சிக்கூடத்திலும், அதே ஆண்டில் மியூனிக் நகரிலும் இவர்களது ஓவியங்கள் வைக்கப்பட்டன. மியூனிக் வரவேற்பு இவர்களுக்கு ஐரோப்பியப் புகழைத் தந்தது. 1891-இல் விஸ்லர் வரைந்த தாமஸ் கார்லைல் உருவப்படத்தை 1,000 கினி கொடுத்துக் கிளாஸ்கோ மாநகராட்சி வாங்கியதிலும் இவர்களது வற்புறுத்தலுக்குப் பங்குண்டு.

வெற்றியோடு எதிர்ப்புணர்வு தணிந்தது. பலர் செல்வந்தர்களின் உருவப்படங்களை வரைந்து வாழ்ந்தனர். கத்ரி 1902-இல், ஒருகாலத்தில் தாம் எதிர்த்த அதே அகாடமியின் தலைவரானார்.

கலை வரலாற்றில் இடம்

பாரிசை மையமாகக் கொண்டு எழுதப்பட்ட நவீன கலை வரலாறு இவர்களை நெடுங்காலம் ஓரத்தில் வைத்தது. உணர்வுப்பதிவுவாதிகளின் முதல் கண்காட்சி 1874-இலேயே நடந்துவிட்டதால், இவர்கள் காலம் தாழ்ந்து வந்தவர்களாகக் கருதப்பட்டனர். ஆயினும் இவர்களது நோக்கம் வேறு. கலைந்து மாறும் ஒளியைவிட, உருவத்தின் திண்மையையும் நிறங்களின் ஒத்திசைவையுமே இவர்கள் தேடினர். லண்டன், எடின்பரோ ஆகியவற்றின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரு தொழில் நகரம் நேரடியாக ஐரோப்பாவுடன் உறவாட முடியும் என்று காட்டியதே இவர்களது நிலையான பங்களிப்பு. பின்வந்த ஸ்காட்டிய வண்ணவாதிகளுக்கு அவ்வழி திறந்தே கிடைத்தது.

"பாய்ஸ்" என்ற பெயர் அதே சூழலில் பணியாற்றிய பெஸ்ஸி மக்னிகல் போன்ற பெண் ஓவியர்களை மறைத்துவிட்டது என்ற விமர்சனமும் உண்டு. அண்மைக் கால ஆய்வுகள் அவர்களையும் இவ்வரலாற்றில் சேர்த்துப் பேசுகின்றன. இக்குழுவினரின் முக்கிய ஓவியங்களைக் கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்திலும் எடின்பரோவின் தேசியக் காட்சிக்கூடத்திலும் காணலாம்.