மாணாக்கர் தலைமை பூண்ட காற்பந்தாட்டக் குழு

கல்வியும் விளையாட்டும் ஒன்றற்கொன்று பகை என்னும் எண்ணம் நம்மவர் பலருள்ளத்தில் வேரூன்றி நிற்கின்றது. பந்தாடும் பிள்ளை படிப்பிற் றேறான் என்று பெற்றோர் கடிந்துகொள்வர். படிக்கும் பிள்ளையோ மைதானத்தின் பக்கம் தலைகாட்டான். இண்டூர் வட்டாரத்துப் பெற்றோரும் இளைஞரும் ஓர்ந்து பார்த்தற்குரிய வரலாறு ஒன்றுண்டு. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அக்காலத்து அஸ்ஸாமைச் சார்ந்திருந்த நாகர் மலைநாட்டில், சாங்கி என்னும் சிற்றூரிலே, 1918-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் பிறந்தவர் தலிமெரன் ஆவோ. அவர் தந்தையார் கிறித்துவ சமயப் போதகர். தம் மைந்தர் மருத்துவராகி மலைமக்கட்குத் தொண்டாற்றல் வேண்டும் என்பதே அப்பெரியாரின் பெருவிருப்பம். அது நிறைவேறக் காணுமுன்னரே அவர் மறைந்தனர். மைந்தரோ கௌகாத்தியிலுள்ள காட்டன் கல்லூரியிற் பயின்று, 1942-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தனர். மறு ஆண்டே மோகன் பகான் குழுவில் தற்காப்பாட்டக்காரராகவும் இடம் பெற்றனர். 1889-இல் தோன்றிய அக்குழு, 1911-இல் ஆங்கிலப் படைப்பிரிவொன்றின் குழுவை வென்று கேடயம் கொண்ட பெருமையுடையது. அன்று வென்றோருள் ஒருவரொழிய ஏனையோர் வெறுங்காலுடனேயே ஆடினர் என்பதும் அறியத்தக்கது.

நிற்க. 1948-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்தன. நாடு விடுதலை பெற்று ஓராண்டும் நிரம்பாத காலம் அது. சுதந்திர இந்தியாவின் காற்பந்தாட்டக் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர், பட்டம் பெறாத மருத்துவ மாணாக்கராகிய இவ்வாவோவே. ஜூலை 29-ஆம் நாள் தொடக்க விழாவில் நாட்டுக் கொடியைத் தாங்கிச் சென்றவரும் அவரே. இருநூறாண்டு நம்மை ஆண்டோர் தலைநகரில், மலையூர்ப் போதகர் ஒருவரின் மைந்தர் அக்கொடியை ஏந்தி நடந்த காட்சியை எண்ணுமிடத்து நெஞ்சம் நெகிழாதார் யாவர்?

ஜூலை 31-ஆம் நாள், லண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சு நாட்டுக் குழுவுடன் ஆட்டம் நிகழ்ந்தது. நம்மவர் பதினொருவருள் எண்மர் பாதுகையின்றியே ஆடினர். முதற்கோல் பிரான்சினது. நம்மவர்க்குத் தண்ட உதை இருமுறை வாய்த்தும் இரண்டும் வீணாயின. எனினும் எழுபதாம் நிமிடத்தில் மைசூர்க் குழுவினராகிய சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தனர். ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற்கோல் அதுவே. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மற்றுமொரு கோல் போட, 2-1 என்ற கணக்கில் நம்மவர் தோற்றனர். தோற்றும் காண்போர் பாராட்டைப் பெற்றனர். வெறுங்கால் குறித்து வினவியோர்க்கு, "யாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று ஆவோ நகைச்சுவையுடன் விடையிறுத்தனர் என்பர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வெறுங்காலாட்டம் நமக்குப் பெருமை தந்தது மெய்யே. ஆயினும், 1952-இல் குளிர் மிக்க ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நம் குழு தோற்றபின், பாதுகை அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. 1956-இல் மெல்போர்னில் நம் நாட்டுக் குழு நான்காமிடம் எய்தியது. முன்னோர் வழக்கத்தைப் போற்றுதல் கடன். காலமும் இடமும் வேறுபடின் அதனைத் திருத்திக்கொள்ளுதல் அறிவு. சங்கம் நடத்துவோர்க்கும் இது பொருந்தும்.

இனி ஆவோவின் பிற்கால வரலாற்றைக் காண்பாம். லண்டனிலேயே தங்கி ஆடுமாறு ஆர்சனல் என்னும் பெருங்குழு அவரை அழைத்ததாகவும், அவர் அதனை ஏலாது திரும்பியதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகின்றது. அஃது எவ்வாறாயினும், அவர் செய்தது யாவரும் அறிந்ததே. 1950-இல் மருத்துவப் பட்டம் பெற்றனர்; பந்தாட்டத்தைத் துறந்தனர்; கல்கத்தாவின் புகழையும் வருவாயையும் விடுத்துத் தம் மலைநாட்டுக்கே மீண்டு மருத்துவத் தொண்டில் அமர்ந்தனர். 1963-இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதன் சுகாதாரத் துறைக்கு முதல் இயக்குநராக விளங்கியவர் அவரே. 1978-இல் ஓய்வு பெற்று, 1998-இல் இயற்கை எய்தினர். தந்தையார் விருப்பம் முழுதும் நிறைவேறிற்று.

அன்பர்களே! நம் தருமபுரியிலும் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகின்றது. நம் பிள்ளைகள் மருத்துவம் கற்றற்குத் தொலைதூரம் செல்லவேண்டிய நிலை ஓரளவு நீங்கியது. எனினும், கற்றபின் அவர்கள் எங்கே இருப்பர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பெருநகரின் வசதியை நாடுவோரைப் பழித்தல் எம் நோக்கமன்று; வாழ்க்கைச் சுமை அத்தகையது. ஆயினும், ஊர் மக்கள் பொருளீட்டிக் கொடுத்த கல்வியில் ஊர்க்கும் ஒரு பங்கு உண்டென்பதை அவர்கள் மறத்தலாகாது.

ஆதலின், மாலை வேளையில் பந்துடன் ஓடும் சிறுவனைத் தடுக்கவேண்டா. விளக்கேற்றியபின் அவன் நூலைக் கையிலெடுக்கின்றனனா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஒருவற்குக் கைகூடும். கைகூடியபின் பிறந்த மண்ணை நினைக்கும் நெஞ்சமும் வாய்க்குமாயின், அக்குடியே உயர்குடி.